நாம கூப்பிட்டா காத்து வராது

போன ஆடியில் சென்னையில் இருந்து அக்கா மகன் வந்திருந்தான். உடுமலை ரோட்டுல ரெண்டு பக்கமும் காத்தாடியாப் பார்த்துட்டு வந்தவன், தோட்டத்துக்குள்ள நுழைஞ்சதுமே கேட்டான்: "இவ்வளவு காத்து அடிக்குதே மாமா, அப்புறம் ஏன் நிலக்கரியை எரிக்கணும்?" நான் வாழைக்கு முட்டுக் கொடுத்துட்டு இருந்தேன். அன்னைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதறேன்.

நம்ம பக்கம் காத்து வர்ற வழி பாலக்காட்டுக் கணவாய். மேற்கு மலையில சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. தெக்கே செங்கோட்டையும் ஆரல்வாய்மொழியும் இதே மாதிரிதான். வைகாசியில் தொடங்குற காத்து புரட்டாசியில் ஓயும். சித்திரை வெயில்ல பயிர் தண்ணிக்குத் தவிக்கிறப்ப இலைகூட அசையாது. முடிச்சு அங்கேதான் இருக்கு.

1960கள்ல பெங்களூர் என்.ஏ.எல். விமான ஆய்வுக்கூடம் தண்ணி இறைக்கிற காத்தாடி ஒண்ணை உருவாக்கினது. நல்ல யோசனைதான். ஆனா 1930கள்லயே பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தாச்சு. சுவிட்சைத் தட்டினா தண்ணி வரும். காத்தாடின்னா காத்துக்குக் காத்திருக்கணும். கிணறு ஆழமாக ஆக அதோட இழுவையும் பத்தலை. 1990ல் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம்னு ஆனதும் அந்தப் பேச்சே முடிஞ்சது. ஓசியில வர்ற கரண்டோட ஓசிக் காத்து எப்படிப் போட்டி போடும்?

பெரிய காத்தாடிகளோட கதை வேற. 1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் மெஷின்களை அரசாங்கம் வெச்சுப் பார்த்தது. 1990கள்ல முப்பந்தலும் நம்ம பக்கமும் நிரம்பிடுச்சு. மில்லுக்காரங்க வந்ததுக்குக் காத்து மட்டும் காரணம் இல்லை. போட்ட முதலை முதல் வருஷமே முழுசா தேய்மானம்னு எழுதி வருமான வரியைக் குறைச்சுக்கலாம். அந்தச் சலுகை நட்டதுக்குத்தான், ஓட்டினதுக்கு இல்லை. நல்ல காத்து அடிக்கிற இடத்தையெல்லாம் 225, 250 கிலோவாட் சின்ன மெஷின்கள் பிடிச்சுக்கிச்சு. இன்னிக்கு ஒரே மெஷின் 3,000 கிலோவாட் தரும். அதை நிறுத்தத் தோதான இடத்துல பழசு நிக்குது.

வரிக்காக வந்தது வரியோடவே போகும். 2011-12ல் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல புதுசா நட்டாங்க. 2012 ஏப்ரல்ல கூடுதல் தேய்மானச் சலுகையை எடுத்ததும் அடுத்த வருஷம் 1,700 அளவுக்கு இறங்கிடுச்சு. 2014ல் திருப்பிக் கொடுத்தாங்க.

அந்த 2012 மின்வெட்டு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என் மோட்டார் ஓடலை. வேலியோரம் நிக்கிற காத்தாடியும், நல்ல காத்து அடிக்கிறப்பவே, பல நாள் சும்மா நின்னது. கரண்டைக் கொண்டுபோகக் கம்பி பத்தலை. காத்தாடியைச் சில மாசத்துல நட்டுடலாம். உயர்அழுத்த லைனும் துணை மின்நிலையமும் வர வருஷக்கணக்காகும். அந்த வருஷ வாழையில பாதி காஞ்சு போச்சு.

இன்னொண்ணும் இருக்கு. காத்து காலத்துல கொடுத்த யூனிட்டைக் கணக்குல வெச்சு, வேண்டியபோது எடுத்துக்க மில்லுகளுக்கு இங்கே வழி இருந்தது. நெல்லைக் குதிர்ல கொட்டி வெக்கிற மாதிரி தோணும். ஆனா அந்தக் குதிர் காகிதத்துலதான் இருக்கு. உற்பத்தியான கரண்டு அந்த நிமிஷமே செலவாகிடும். பின்னால திருப்பிக் கொடுக்க வேற எங்காவது நிலக்கரி எரியணும்.

நெசமான குதிர் வேணும்னா தண்ணியை மேலே ஏத்தி வெக்கணும். நீலகிரியில் குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு அப்படி ஒரு வேலை நடக்குது. காத்து மிச்சமா இருக்கிறப்ப அந்தக் கரண்டுல தண்ணியை மேல் அணைக்கு ஏத்தலாம். தேவைப்படறப்ப கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம். ஆனா தமிழ்நாட்டுல காத்தாடி மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல நிக்குது. ஒரு குந்தா போதாது.

அக்கா மகன் கிளம்பறப்ப, "அப்ப காத்து மேல தப்பு இல்லைங்கறீங்க," என்றான். இல்லைதான். காத்து உள்ளபோதே தூத்திக்கன்னு நம்ம ஆளுக சொல்லி வெச்சதைப் பாதிதான் கேட்டிருக்கோம். தூத்தின நெல்லை அள்ளிட்டுப் போக வண்டியும் வேணும், கொட்டி வெக்கக் குதிரும் வேணும். அடுத்த தடவை இந்தப் பக்கம் வர்றப்ப ஓடாத காத்தாடியைப் பார்த்தா, பக்கத்துல லைன் எங்கே போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க.