கண்டதும் கேட்டதும்: பல்கேரிய மொழி கூறும் வரலாறு

ஒருவன் ஊருக்கு வந்ததை நேரில் கண்டவர் 'வந்தான்' என்கிறார். பிறர் சொல்லக் கேட்டறிந்தவர் 'வந்தானாம்' என்கிறார். ஈற்றில் நிற்கும் அந்த 'ஆம்', சொல்பவரின் பொறுப்புக்கு எல்லை வகுத்து விடுகிறது. நாம் எண்ணிப் பாராமலே நாள்தோறும் கையாளும் இந்த நுட்பம், ஐரோப்பாவின் தென்கிழக்கில் வழங்கும் பல்கேரிய மொழியின் வினைச்சொற்களிலும் அமைந்திருக்கிறது. அம்மொழியில் 'தோய்தே' என்றால் வந்தான். சொல்பவர் அதற்குச் சாட்சி. 'தோஷல்' என்றால் வந்தானாம். சொல்பவர் கேட்டதைச் சொல்கிறார். இவ்வேறுபாடு அங்கே எவ்வாறு வேரூன்றிற்று என்று ஆராயப் புகுந்தால், இரு சமூகங்களின் நெடுங்கால உறவு நம் கண்முன் விரிகிறது.

பல்கேரியர் என்னும் பெயரே துருக்கிய இனம் ஒன்றின் பெயராகும். கி.பி. 681இல் அஸ்பாரூக் என்னும் தலைவர், தன்யூபு ஆற்றுக்குத் தெற்கே அரசொன்றை நிறுவினார். அவருடைய மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியொன்றைப் பேசினர். ஆனால் குடிமக்களுள் பெரும்பாலோர் ஸ்லாவியர். காலப்போக்கில் ஆண்டவர்களின் மொழி மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. 886இல் அங்கு அடைக்கலம் புகுந்த கிறித்தவத் துறவிகள் ஸ்லாவிய மொழியில் நூல்களை இயற்றியும் மொழிபெயர்த்தும் வளம் சேர்த்தனர். பழம் பல்கேரியம் எனப்படும் அம்மொழி, வேற்றுமை உருபுகள் நிறைந்தது. மேலே கூறிய சான்று வேறுபாடோ அந்நாளைய ஏடுகளில் காணப்படவில்லை.

இன்றைய பல்கேரியத்தின் உருவம் வேறு. பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்து போயின. சுட்டுப் பொருள் தரும் இடைச்சொல் பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டது. அண்டை மொழிகளான ருமேனியமும் அல்பேனியமும் வேறு வேறு கிளைகளைச் சேர்ந்தவை. எனினும் அவற்றிலும் இதே போக்கைக் காணலாம். 1829இலேயே இதைக் குறித்து எழுதியவர் கோப்பித்தார் என்னும் ஸ்லொவேனிய அறிஞர். 1920 முதல் 1922 வரை சோபியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஷ்ய அறிஞர் துருபெத்ஸ்கோய், பிறப்பால் வேறுபட்டும் நெடுநாள் அண்மையால் ஒத்த இயல்பு பெற்ற மொழிகளை 'மொழிக் கூட்டம்' என வகைப்படுத்தினார். மொழிகளுக்கு இரத்த உறவைப் போலவே அண்டை வீட்டு உறவும் உண்டென்பது அதனால் தெளிவாயிற்று.

அந்த அண்டை வீட்டாருள் முதன்மையானது துருக்கி மொழி. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் உதுமானியர் வசமான பல்கேரியா, 1878 வரை அவர்கள் ஆட்சியின் கீழ் இருந்தது. பஜாரைப் 'பஸார்' என்றும், கடையைத் 'துக்கான்' என்ற அரபுச் சொல்லின் திரிபாகத் 'துக்யான்' என்றும், செய்தியை 'ஹபெர்' என்றும் பல்கேரியர் வழங்கியது துருக்கியின் வாயிலாகவே. விடுதலைக்குப் பின் மொழித் தூய்மை நாடியோர் இத்தகைய சொற்கள் பலவற்றை நீக்கினர். எனினும் எஞ்சி நிற்பவை ஏராளம். சொல்லை எடுத்தெறியலாம், இலக்கணத்தில் ஊறியதை எவ்வாறு எடுத்தெறிவது?

துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம் அல்லது வந்திருக்கிறான் போலும். இவ்வேறுபாட்டை 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் மஹ்மூது அல்-காஷ்கரி. துருக்கிய மொழிகளை அரபியர் கற்றுக்கொள்ளும்பொருட்டுப் பக்தாதில் அரபியில் அவர் இயற்றிய அகராதி நூல், 'தி' என்னும் ஈறு கண்டதையும் 'மிஷ்' என்னும் ஈறு காணாததையும் குறிக்குமென விளக்குகிறது. 1266இல் எழுதப்பட்ட ஒரே ஒரு படியாக எஞ்சிய அந்நூல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியது. மேலைநாட்டு மொழியியலில் இக்கூறு தனிப் பெயர் பெற்று நிலைத்ததோ, 1957இல் ரோமன் யாகப்சன் பல்கேரியத்தைச் சான்று காட்டி எழுதிய பின்னர்தான்.

பல்கேரியம் இதைத் துருக்கியிடமிருந்து பெற்றதா? அறிஞர் பலர் ஆமென்பர். சிலர், ஸ்லாவிய வினை வடிவங்களிலிருந்து இது தானே வளர்ந்ததென்பர். வடிவங்கள் ஸ்லாவியத்துக்கே உரியவை என்பதில் ஐயமில்லை; ஆனால் அவற்றைக் கையாளும் முறை துருக்கியோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது. இரு மொழிகளும் ஒரே சந்தையிலும் ஒரே தெருவிலும் ஐந்து நூற்றாண்டுகள் புழங்கியதை நினைத்தால், இவ்வொற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

இந்த வரலாற்றை அரசாணையால் அழித்துவிடலாமென எண்ணிய காலமும் ஒன்றுண்டு. 1984 டிசம்பரில் தொடங்கி 1985 மார்ச்சுக்குள், பல்கேரியக் கம்யூனிஸ்ட் அரசு ஏறத்தாழ 8 இலட்சம் துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களை வலிந்து மாற்றியது. போமாக்கியர் எனப்படும், பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களுக்கு இக்கொடுமை முன்னரே நேர்ந்திருந்தது. பொது இடங்களில் துருக்கி பேசுவது தண்டனைக்குரியதாயிற்று. கபுருகளின் மீஸான் கற்களிலிருந்த பெயர்களும் சிதைக்கப்பட்டன. 'இந்நாட்டில் துருக்கியரே இல்லை. மொழி மாறிய பல்கேரியரே உள்ளனர்' என்பது அரசின் வாதம். அதற்கு வலுத்தேட வரலாற்று அறிஞர்களும் பயன்படுத்தப்பட்டனர். 1989 கோடையில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துருக்கிக்குச் சென்றனர். அவ்வாண்டு நவம்பரில் ஆட்சித் தலைவர் ஷிவ்கோவ் வீழ்ந்தார். 1990இல் பழைய பெயர்களை மீண்டும் பெறச் சட்டம் வந்தது. 2012இல் பல்கேரியப் பாராளுமன்றமே அச்செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

பெயரேடுகளைத் திருத்திய அதிகாரி, மாலையில் வீடு திரும்பி ஊர்ச் செய்தி பேசியபோது, கண்டதற்கு ஒரு வினையும் கேட்டதற்கு ஒரு வினையுமாகவே பேசியிருப்பார். எந்த மக்களின் மொழியை அவர் தெருவில் தடுத்தாரோ, அம்மக்களோடு பல நூற்றாண்டு பழகிய பழக்கம் அவருடைய நாவிலேயே குடியிருந்தது. இதில் எவருக்கும் இழிவில்லை. ஒருவர் மொழி மற்றவர் மொழியோடு பழகி வளம் பெறுவது உலகியல்பு. ஒரு நாட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அரசேடுகள் மட்டும் சான்றல்ல. மக்கள் பேசும் வினைச்சொல்லின் ஈறும் சான்றாகும்.