தோலைக் காத்த சேறும் இரும்பைக் காத்த செவ்வலும்

மேட்டூரை அடுத்த தெலுங்கனூரில், பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து இருபுறமும் கூருள்ள ஒரு வாள் கிடைத்தது. அதன் எஃகில் தங்கியிருந்த கரிமத்தை அளந்து, பொ.ஆ.மு. 1435–1233 என்று காலம் கணித்திருக்கிறார்கள். அதே வட்டாரத்து மாங்காட்டு இரும்பு இன்னும் மூத்தது: பொ.ஆ.மு. 1604–1416. வாளின் வயது தெரிந்துவிட்டது. அது யாருக்காக வைக்கப்பட்டதோ, அவருடைய வயதோ நோயோ கடைசியாக உண்ட உணவோ நமக்குத் தெரியாது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ‘பாண்டியன் குழி’ என்று ஊரார் சொல்லும் இத்தகைய குழிகளில் எலும்பு கிடைத்தாலும் பெரும்பாலும் துண்டும் துகளுமாகவே கிடைக்கிறது. துண்டுகள் இருந்தால் ‘இரண்டாம் நிலை அடக்கம்’ (வேறிடத்தில் அழிந்த உடலின் எலும்பைப் பின்னர் எடுத்துப் புதைத்தது) என்றும், ஒன்றுமே இல்லையென்றால் ‘நினைவுச் சின்னம்’ என்றும் எழுதிவிடுகிறோம். இந்த முடிவுகளில் ஒரு பகுதியாவது அவசர முடிவு என்பது என் வாதம். எலும்பு இல்லாமைக்குக் காரணம் மரபா, மண்ணா என்று முதலில் கேட்க வேண்டும்.

மண் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு வட ஐரோப்பியச் சதுப்புகளே நல்ல பாடம். டென்மார்க்கில் 1950 மே மாதம் பீட் என்ற சதுப்பு மக்கை வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலுண்ட் மனிதரின் முகத்தில் தாடி முளைகூட அப்படியே இருந்தது. 2,400 ஆண்டு பழமையான அவ்வுடலைப் புதிய கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். 2021இல் வெளியான குடல் ஆய்வு, அவர் கடைசியாக உண்டது களைவிதைகளும் ஆளிவிதையும் கலந்த பார்லிக் கஞ்சியும் மீனும் என்று காட்டியது. குளிரும் காற்றில்லாமையும் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஸ்பேக்னம் என்ற பாசி மட்கும்போது வெளிவரும் ஒரு சர்க்கரைப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதைப் பதனிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனையும் கட்டிப்போடுகிறது. நம் கரடுகளில் மண்டிக் கிடக்கும் ஆவாரையின் பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டவர்களுக்கு இது புரியாத வேலையல்ல.

ஆனால் அதே சதுப்பின் அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். ஜெர்மனியின் டாமண்டார்ஃபில் 1900இல் கிடைத்த மனிதரிடம் தோலும் முடியும் நகமும் இருந்தன, எலும்பு இல்லை. காற்றுப்போன தோல்பை போலத் தட்டையாகக் கிடந்தார். அவரை எலும்பில்லாமல் புதைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. நாம் மட்டும் வெற்றுக் குழியைக் கண்டால் சடங்கைத் தேடிப் போகிறோம்.

சேலத்துச் செவ்வல் டென்மார்க் சேற்றுக்கு நேர் எதிர். மழைக்கு நனைந்து, கோடையில் வெடிக்கக் காய்ந்து, மறுபடி நனையும் நிலம் அது. காற்றுப் புகுவதால் தசை நிற்பதில்லை. வெப்பம் எலும்பின் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கிறது. மேட்டு நிலத்தில் வடியும் நீர் மிச்சத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. சுக்கான் கலந்த இடங்களில் எலும்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆகவே ஒரே ஊரின் இரண்டு குழிகளில் ஒன்றில் எலும்பு இருந்து மற்றதில் இல்லாமல் போனால், அது இரண்டு சாதி மரபு ஆகிவிடாது; இரண்டு வகை மண்ணாகவும் இருக்கலாம்.

எலும்பு இருந்தாலும் கதை முடிவதில்லை. ஹரியானாவின் ராகிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்தும் மரபணு கிடைத்தது ஒன்றில்தான். 2019இல் வெளியான ஆய்வு அந்த ஒருவரை வைத்தே எழுதப்பட்டது. தமிழகத்தின் கொந்தகையில் கிடைத்த ஈமத்தாழிகளின் மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் வரைய முடிந்தது நம் பாக்கியம்.

மரபின் பங்கை நான் மறுக்கவில்லை. சுடுதல், வெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என்ற ஐவகையையும் மணிமேகலை சொல்கிறது. நீலகிரியில் பீட் சதுப்பே உண்டு. சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டைக் கொண்டு சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 20,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றை 1993இல் எழுதினார்கள். ஆனால் அம்மலையின் பண்டைய மக்கள் பிணத்தைச் சுட்டு, சாம்பலை மேட்டுக் கல்வட்டங்களில் வைத்தார்கள். சேறு பக்கத்திலிருந்தும் அதை நாடவில்லை.

மரபையும் மண்ணையும் பிரித்துப் பார்க்கச் சோதனைதான் வழி. எலும்பு கரைந்தாலும் அதன் பாஸ்பரஸ் பெரும்பாலும் அடிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். குழிக்குள் ஒரு பிடி, வெளியே ஒரு பிடி மண்ணெடுத்து ஒப்பிட்டால், அங்கே உடல் இருந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரும்பின் தேதிக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும்: அதிலுள்ள கரிமம் உலையிலிட்ட மரக்கரியுடையது. வைரம் பாய்ந்த முதுமரமானால், தேதி கொல்லனுக்கு முந்தியதாகிவிடும். அந்த ஐயத்தைத் தீர்க்க அதே குழியின் தானியமோ பல்லோ வேண்டும். வாளைப் பத்திரமாகத் துணியில் சுற்றிவிட்டு, அது கிடந்த மண்ணைச் சல்லடையில்கூடப் போடாமல் கூடையில் வாரி வெளியே கொட்டுகிற பழக்கம் நம் அகழ்வுக் குழிகளில் இன்னும் இருக்கிறது.