கண்ணாடிக் கரியும் குழாய்க் கரியும்

மாமல்லபுரத்துக் குன்றின்மீது, மகிடாசுரமர்த்தனி குகைக்கு மேலே, பல்லவர் எடுப்பித்த சிறு கற்றளி ஒன்று நிற்கிறது. உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் என்பது அதன் வழக்குப் பெயர். விளக்கிற்கு நாள்தோறும் உழக்கு எண்ணெய் அளந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு 1887-ஆம் ஆண்டில் அக்கோயிற் கூரையின்மீதே ஏற்றப்பட்டது. 1904-இல் அருகே எழுந்த கற்கோபுரம் அப்பணியை மேற்கொண்டது.

திரிவிளக்கின் பகை புகைக்கரி. எண்ணெய் முற்றும் எரியாதபோது எழும் கரி கண்ணாடியில் படியும்; ஒளி மங்கும்; மாலுமிக்குக் கரை புலப்படாது. ஆயினும் அது கண்ணுக்குத் தெரிந்த பகை, துணியால் துடைத்துவிடலாம்.

இக்குறையை நீக்க, எண்ணெயை முதலிற் காய்ச்சி ஆவியாக்கி, அவ்வாவியை எரிக்கும் முறை பிறந்தது. 1892-இல் சுவீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ட் பிரைமஸ் அடுப்பை அமைத்தார். 1901-இல் ஆர்தர் கிட்சன் கலங்கரை விளக்கங்களுக்கேற்ற மண்ணெண்ணெய் ஆவி விளக்கை இயற்றினார். சுடர் தூய்மையாயிற்று. கரியோ ஒழியவில்லை, வெளியே இருந்தது காய்ந்த குழாய்க்குள் குடிபுகுந்தது. பம்ப் ஸ்டவ்வின் துவாரத்தைக் கம்பி முனையாற் குத்திச் சீர்செய்த நம் தாய்மார் இதனை நன்கு அறிவர்.

முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் ஜெட் விமானங்களின் உணவும் மண்ணெண்ணெயின் ஓர் இனமே. அது எரிவதற்கு மட்டும் பயன்படுவதன்று. எஞ்சினின் மசகெண்ணெயிலுள்ள சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. 1976 முதல் 2003 வரை ஒலியினும் விரைந்து பயணிகளைச் சுமந்த கன்கார்டு விமானத்தில், அறைக்காற்றைக் குளிர்விப்பதிலும் எரிபொருளுக்குப் பங்கிருந்தது.

சூடு ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால், எண்ணெயிற் கரைந்துள்ள பிராணவாயு அதனோடு கூடிப் பிசினை உண்டாக்குகிறது. பிசின் குழாயில் ஒட்டி, நாளடைவில் கரியாக இறுகுகிறது. நுண்துளை சிறுத்தால் எண்ணெய் சீராகத் தூவப்படுவதில்லை. ஓரிடத்தில் மட்டும் கடுந்தழல் எழுந்து உலோகத்தை வாட்டும். வானிற் பறக்கும் எஞ்சினுக்குள் துணிகொண்டு துடைப்பார் யார்?

ஆகவே, நோய் வருமுன்னரே காக்க வேண்டியதாயிற்று. 260 டிகிரிக்குக் காய்ந்த அலுமினியக் குழாயின்மீது எரிபொருளை இரண்டரை மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் ஏறிய நிறத்தைக் கண்டு, கொள்வதா தள்ளுவதா என்று முடிவு செய்கின்றனர். செம்பு அணுவளவு கரைந்தாலும் படிவு பெருகுமாதலின், எண்ணெய் செல்லும் வழியிற் செம்பைத் தவிர்க்கின்றனர்.

அன்று விளக்குக் காத்தவன் கண்ணாடியைத் துடைத்தான். இன்று ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் ஒரு குழாயின் நிறத்தைப் பார்க்கிறார். முகமறியாத வழிப்போக்கரின் உயிரைக் காப்பதே இருவருடைய தொழிலும்.