குழந்தைகள் மருத்துவமனையில் தாயின் இடம்: இங்கிலாந்து (1852–1961)

நோயுற்ற குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்னும் கொள்கை இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. அது தளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவர் சார்லஸ் வெஸ்டின் முயற்சியால் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852ஆம் ஆண்டு 10 படுக்கைகளுடன் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. பாரிசில் 1802ஆம் ஆண்டிலேயே இத்தகையதொன்று தோன்றியிருந்தது. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் முதலியன படுக்கைக்குப் படுக்கை பரவிய காலம் அது. வெளியிலிருந்து வருவோர் நோயைக் கொண்டுவருவர் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆயின் பெனிசிலின் புழக்கத்திற்கு வந்த பின்னரும் கதவு திறக்கவில்லை. 1949ஆம் ஆண்டு நிலவரப்படி, கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை மட்டுமே பெற்றோர் வரலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் சந்திப்பே இல்லை. இரவு 7 மணிக்கு மேல் உறங்கும் குழந்தையைப் பார்த்துச் செல்லலாம்.

இப்போது கூறப்பெற்ற காரணம் வேறு. தாய் வந்து சென்றால் குழந்தை அழுகிறது; வாராதிருந்தால் சில நாளில் அடங்கிவிடுகிறது. அடங்கிய குழந்தை பழகிவிட்ட குழந்தை எனச் செவிலியரும் மருத்துவரும் கருதினர்.

இக்கருத்தை மறுத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பணியாளராக இருந்தவர் இவர். 1948 முதல் ஜான் பௌல்பியுடன் இணைந்து மருத்துவமனைக் குழந்தைகளை உற்றுநோக்கினார். முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கையிழப்பு, இறுதியில் பற்று விடுதல் என மூன்று நிலைகளை அவர் கண்டார். செவிலியர் அமைதி என்று கொண்டது இரண்டாம் நிலையையே. சொல்லால் நம்பாதவர்க்குக் காட்சியால் காட்ட முனைந்து, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக 8 நாள் தங்கிய 2 வயது 5 மாதப் பெண்குழந்தையைப் படமெடுத்தார். குழந்தை ஓயாது அழவில்லை. அழுகையை அடக்கிக்கொள்கிறது, விளையாட்டின் நடுவே தாயைக் கேட்கிறது. இவ்வடக்கமே படத்தின் வலிமை. 1952ஆம் ஆண்டு இலண்டன் அரச மருத்துவக் கழகத்தில் திரையிடப்பெற்றபோது மருத்துவர் பலர் சினந்தனர். இக்குழந்தை பொது நிலைக்குச் சான்றாகாது என்றனர்.

மாற்றுவழி முன்னரே இருந்தது. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாயரையும் குழந்தையுடன் தங்கச் செய்து, அவர்களையே பேணுமாறு பணித்தார். தமிழ் மருத்துவ மரபிலும் பாலுண்ணும் குழந்தையின் நோய்க்குத் தாய் பத்தியம் காப்பதுண்டு. இருவரையும் ஒருசேர நோக்கும் பார்வை அது. இந்திய அரசு மருத்துவமனைகளில் தாய் உடனிருத்தல் இயல்பான காட்சி. அதற்கு மரபு மட்டுமன்றிச் செவிலியர் பற்றாக்குறையும் காரணம் என்பதை மறைத்தல் ஆகாது.

அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1959ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. பெற்றோர் வருகைக்குக் கட்டுப்பாடு கூடாது. சிறு குழந்தைகளுடன் தாயும் தங்க வசதி வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். அரசு ஏற்றும் மருத்துவமனைகள் பல பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு வலியுறுத்த 1961ஆம் ஆண்டு இலண்டன் பேட்டர்சீ பகுதித் தாயர் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கினர்.