வெளி வட்டத்து மாடு

களத்தின் நடுவே ஒரு கம்பம். அதில் கட்டிய தாம்புக் கயிற்றில் மாடுகள் வரிசையாகப் பிணைந்து, பரப்பிப் போட்ட கதிரின்மேல் சுற்றிச் சுற்றி வரும். குளம்பு படப்பட மணி உதிரும். தாய்லாந்தின் பெச்சபுரி வட்டாரத்தில் நெல்லை இப்படித்தான் மிதித்தெடுத்தார்கள். கதிர் மிதிப்பதற்கு அவர்கள் மொழியில் ‘நுவத்’ என்று பெயர். உடம்பு பிடித்துவிடுவதற்கும் அதே சொல்தான். வைக்கோல் நோகாமல் மணியை மட்டும் கழற்றும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பிணையலிலிருந்து பிறந்ததுதான் ‘வுவா லான்’ என்னும் மாட்டோட்டம். வுவா என்றால் மாடு, லான் என்றால் களம்.

யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய ஆட்டமில்லை இது. வட்டத்தின் கணக்கே அதை உண்டாக்கியது. கம்பத்துக்கு 2 மீட்டர் தள்ளி நிற்கும் மாட்டுக்கு ஒரு சுற்று என்பது பன்னிரண்டரை மீட்டர். அதே கயிற்றில் 12 மீட்டர் தள்ளி நிற்பதற்கோ 75 மீட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றி முடிக்க வேண்டும். உள்ளே நிற்பது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப, வெளியே நிற்பது ஓடியே தீர வேண்டும். அதனால் மந்தமான மாட்டைக் கம்பத்தோரம் கட்டினார்கள். காலில் வேகமும் நெஞ்சில் மூச்சும் உள்ளதை வெளியே விட்டார்கள். ஒரு வீட்டு அறுவடைக்கு ஊரே ஆளும் மாடுமாக வந்து கை கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பல வீட்டு மாடுகள் ஒரே கயிற்றில் நிற்கும்போது, வெளிமுனையில் யார் வீட்டு மாடு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? வேலை போட்டியாக மாற அந்தக் கேள்வி போதும்.

இன்றைய ஓட்டத்திலும் அந்த உருவம் மாறவில்லை. அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில், வெயில் தாழ்ந்த இரவில் நடக்கும். இருபதுக்குச் சற்றுக் குறைவான மாடுகள் ஒரே கயிற்றில் நிற்கும். உள்ளே நிற்பவை வரிசைக்கு எடை சேர்ப்பவை. போட்டி கடைசி இரண்டுக்குத்தான்: ஓரத்தில் ஓடும் ‘வுவா நோக்’, அதற்கு அடுத்து உள்ளே ஓடும் ‘வுவா ரோங்’. வெளிமாடு உள்மாட்டை முந்தினால் அதற்கு வெற்றி. ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினால் உள்மாட்டுக்கு. கூடுதல் தூரம் ஓட வேண்டியது வெளிமாடுதான். அந்தச் சுமையோடு அது முந்தும்போது கூட்டம் எழுந்து நிற்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. பந்தயப் பணமும் புரளத்தான் செய்கிறது.

தாய்லாந்து நாட்டு மாடுகளை நான்கு வகையாகச் சொல்வார்கள். வடக்கே லம்பூன் வெள்ளை மாடு. பாங்காக்கின் சனாம் லுவாங் திடலில் மே மாதம் நடக்கும் அரச ஏர்ப்பூட்டு விழாவில் ஏர் இழுப்பது அதுதான். வடகிழக்கே ஈசான் மாடு, தெற்கே சண்டை மாடு. நடுநாட்டில், மெலிந்த உடலும் உறுதியான காலுமாக இந்தக் களத்து மாடு: ‘கோ லான்’. பசுவைக் குறிக்கும் இந்தக் ‘கோ’ நமக்கும் தெரிந்த சொல்தான்.

சிறிய திமிலும் ஏறத்தாழ 300 கிலோ எடையும் கொண்ட இனம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும், வறட்டுப் புல்லிலும் கன்று போடும். ஆனால் தராசில் தோற்றுவிடும். பெரிய உடம்புள்ள பிராமன் மாடு வந்ததும் இறைச்சிக்காகக் கலப்பினம் பெருகியது. கதிரடிக்கும் இயந்திரம் வந்ததும் களத்து வேலையும் போனது. இந்த மாட்டுக்குத் தீனி போட ஒரு காரணமும் மிஞ்சியிருக்காது, ஓட்டம் மட்டும் இல்லாவிட்டால். வெளிமுனையில் ஓடிப் பெயரெடுத்த மாட்டுக்கு இறைச்சி விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். அது கசாப்புக்குப் போவதில்லை. ஊரிலேயே பொலிகாளையாக நிற்கிறது.