பின்களத்திலிருந்து தொடங்கிய ஆட்டம்: எலியாஸ் ஃபிகெரோவா, 1964–1982

வெனிசுவேலாவின் ‘எல் முண்டோ’ நாளிதழ் 1971 முதல் தென் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த கால்பந்து வீரரைத் தேர்ந்தெடுத்து வந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் அந்தப் பெருமை டோஸ்டாவ், குபில்யாஸ், பெலே ஆகியோரைச் சேர்ந்தது. மூவருமே கோல் அடித்துப் பேர் வாங்கியவர்கள். அடுத்த மூன்று ஆண்டுகளும், அதாவது 1974, 1975, 1976, பரிசு ஒரே ஆளுக்குப் போனது: சிலியின் பின்கள வீரர் எலியாஸ் ஃபிகெரோவா. கோல் அடிப்பவரையே கொண்டாடிப் பழகிய கண்டம், கோலைத் தடுப்பவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது ஏன்? அவர் மூன்று நாடுகளில் ஆடிக் கற்றதில்தான் விடை இருக்கிறது என்பது என் கணிப்பு.

1946 அக்டோபர் 25 அன்று துறைமுக நகரமான வால்பரைசோவில் பிறந்தார். சிறுவயதில் நோய்கள் விடாமல் துரத்தின. பதினோரு வயதையொட்டி இளம்பிள்ளை வாதம் படுக்கையில் தள்ளியது. மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பையன் 1964இல் உனியோன் லா கலேரா அணிக்காக முதல்தரப் போட்டியில் இறங்கினான். பெரியவர்களுக்கே உரிய ‘டான்’ என்ற மரியாதை அடைமொழி அந்த இளவயதிலேயே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1966 உலகக்கோப்பையில் ஆடியபோது வயது 19.

1967இல் உருகுவேயின் பெனியரோலுக்குச் சென்றார். முந்தைய ஆண்டுதான் அந்த அணி தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்தடோரஸ் கோப்பையை வென்று, ரியல் மாட்ரிட்டையும் வீழ்த்தியிருந்தது. உருகுவேயில் பின்களம் என்றால் உரசலும் பிடிவாதமும்; எதிராளியை நிழலாகத் தொடர வேண்டும். 1967, 1968 இரண்டு ஆண்டுகளும் லீக் பட்டம் கிடைத்தது. ஃபிகெரோவாவின் உறுதி அங்கே முறுக்கேறியது என்றே கருதுகிறேன்.

அங்கிருந்து பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம், இன்டர்நேஷனல் அணி. அங்கே எதிர்பார்ப்பு வேறு. பந்தைப் பறித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்துவிட்டால் போதாது. மார்பில் வாங்கி, தலை நிமிர்த்தி, ஃபல்காவ் போன்ற நடுகள வீரரின் காலுக்குச் சேர்க்க வேண்டும். உருகுவேயின் உரமும் பிரேசிலின் நிதானமும் ஒரே ஆளிடம் கூடின. தடுப்பு முடிந்த இடத்திலேயே தாக்குதல் பிறந்தது.

1975 டிசம்பர் 14, பெய்ரா-ரியோ அரங்கம், பிரேசில் தேசியப் பட்டத்துக்காக க்ரூசைரோவுடன் இறுதிப் போட்டி. இரண்டாம் பாதியில் சக வீரர் வால்டோமிரோ வலப்புறத்திலிருந்து ஃப்ரீ கிக்கை உயர்த்தினார். அரங்கின் நிழல் விழுந்திருந்த பெனால்டி பகுதியில் ஒரே ஒரு கீற்று வெயில். சரியாக அந்தக் கீற்றுக்குள் எழும்பி, தலையால் முட்டி கோலாக்கினார் ஃபிகெரோவா. ‘ஒளிபெற்ற கோல்’ என்று பிரேசில் இன்றும் பேசுகிறது. ஆட்டம் 1–0. ஆனால் க்ரூசைரோவின் நெலின்யோ விட்ட இடிபோன்ற உதைகளை இன்டர்நேஷனல் கோல்கீப்பர் மாங்கா தடுக்காமல் இருந்திருந்தால் அந்த வெயில் கீற்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? போர்ட்டோ அலெக்ரே அமைந்துள்ள ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்துக்கு அதுவே முதல் தேசியப் பட்டம். மறு ஆண்டு கொரிந்தியன்ஸை 2–0 என வென்று அதைத் தக்கவைத்தார்கள்.

நாட்டுக்காக ஆடியபோது சுமை கனமானது. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பதினைந்தே நாளில், செப்டம்பர் 26 அன்று, மாஸ்கோவில் சோவியத் அணிக்கு எதிராக உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம். ஊரில் குடும்பம் என்ன ஆனதோ என்ற தவிப்போடு இறங்கிய அணி, ஃபிகெரோவாவும் அல்பெர்டோ கின்டானோவும் பின்களத்தைக் காக்க, 0–0 என்று மீண்டது. 1974 உலகக்கோப்பையில், பட்டம் வென்ற மேற்கு ஜெர்மனி உட்பட மூன்று அணிகளிடம் சிலி விட்டுக்கொடுத்தது இரண்டே கோல்கள். முதல் சுற்றோடு வெளியேறிய அணியின் பின்கள வீரரைக் கண்டம் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஆண்டில்தான்.

1977இல் ஊர் திரும்பி, பாலஸ்தீனக் குடியேறிகள் தொடங்கிய பலெஸ்டினோ அணியில் சேர்ந்தார். 44 ஆட்டங்கள் தோல்வியே காணாத அந்த அணி 1978இல் சிலியின் பட்டத்தை வென்றது. 1982இல், 35 வயதில், ஸ்பெயினில் மூன்றாவது உலகக்கோப்பை ஆடினார். அதே ஆண்டு சிலியின் கோலோ-கோலோ அணியின் சட்டையோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.