விரித்த துகில்: காளத்திச் சித்திரத் துணியும் சரற்கால விழாவும்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருவேங்கடத்தின் அடிவாரத்தில் துணிகளுக்குப் பெருவாழ்வு வந்துவிடுகின்றது. திருமலைக் கோயிலில் பிரமோற்சவத்திற்கு முன்னர் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெற்றுப் புதிய திரைகள் சாத்தப்பெறுகின்றன. சென்னையிலிருந்து பட்டுக்குடைகள் ஊர்வலமாக வந்து சேர்கின்றன. வாகனத்தின்மேல் குடை, வீதியின்மேல் தோரணம், எங்கு நோக்கினும் துணியின் அசைவே. நம் இல்லங்களிலும் நவராத்திரிக் கொலுவிற்குப் படி கட்டி, வெள்ளைத் துணி விரித்து, பின்னே நல்ல சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிடுகின்றோம்.

இதே மாதங்களில் மேனாட்டார் தம் இலையுதிர்காலத்தைக் கொண்டாடுகின்றனர். செம்மை, மஞ்சள், பழுப்பு ஆகிய நிறங்களில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த பஞ்சுப் போர்வைகளைக் கைவினைச் சந்தைகளில் அழகுற அடுக்கி வைப்பது அமெரிக்க நாட்டு வழக்கம். நம் புரட்டாசி, ஐப்பசியில் இலை உதிர்வதில்லை. கார் கழிந்து கூதிர் தொடங்கும் காலம் அது. வடநூலார் சரத் என்பர். ஆயினும் அந்தப் போர்வைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அவ்வுறவின் நடுவே நிற்பது திருக்காளத்தி.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய தலம், மூவர் பாடிய தலம் என்பதைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அக்கோயிலைக் கண்டு திரும்பும் நம்மவருள் பலர், கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலே வாழும் சித்திரத் துணித் தொழிலைக் காணாமலே பேருந்து ஏறிவிடுகின்றனர்.

இன்று இத்தொழிலைக் கலம்காரி என்கிறோம். அது பாரசீகச் சொல்; கலம் என்பது எழுதுகோல், காரி என்பது வேலை. தெலுங்கு மக்கள் இதனை ‘வ்ராதபனி’ என்றும் வழங்குவர். எழுத்துவேலை என்பது பொருள். தமிழிலும் ஓவியத்தை ‘எழுதுதல்’ என்பதே பழைய வழக்கு. பக்கத்து வீட்டு மொழியும் நம் மொழியும் இவ்விடத்தில் ஒரே எண்ணத்தை எண்ணியிருப்பது மகிழ்ச்சி தருகின்றது. மசூலிப்பட்டினப் பக்கத்தில் மர அச்சுக் கொண்டு பதிப்பர். காளத்தியிலோ கை கொண்டு எழுதுவர். இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நலம், பின்னால் தேவைப்படும்.

எழுதும் முறையைச் சற்று விரித்தே கூறவேண்டும். பருத்தித் துணியைக் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் நனைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றிக்கொள்ளும்; பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதற்கோடு இடுவர். மூங்கில் துண்டைக் கூராக்கி, அதன்மேல் கம்பளி இழையைச் சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல் ஆயிற்று. சுற்றிய கம்பளியே மைக்கூடு. விரலால் மெல்ல அழுத்த மை முனைக்கு இறங்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்க வைத்த நீரே கறுப்பு மை. எழுதும்போது அது வெளிறித் தோன்றும். கடுக்காய்த் துவர்ப்போடு கூடியவுடன் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசி, ஓடுநீரில் அலசி, சாயவேர் முதலியன இட்டுக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டுமே செம்மை கொள்ளும். சாணநீரில் ஊறவைத்து வெயிலில் விரித்தால் ஏனைய இடம் வெளுக்கும். மஞ்சளும் நீலமும் இவற்றின் பின்னரே. ஆற்றுநீரும் வெயிலும் இன்றி இத்தொழில் இல்லை.

இவ்வாறு எழுதிய துணி எதற்கு? உடுக்க அன்று, கோயிலில் தொங்கவிட. நடுவே பெரிய கட்டம் ஒன்றில் இராமர் பட்டாபிடேகம் போன்ற காட்சி இருக்கும். அதனைச் சூழ்ந்து சிறு கட்டங்கள் வரிவரியாகச் செல்லும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தெலுங்கில் குறிப்பு எழுதியிருக்கும். ஏட்டை வாசிப்பதுபோல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகக் கதையை வாசித்துக்கொண்டே வரலாம். எழுத்தறியாதார்க்கு அருகில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

ஓவியத்தின் முன் நின்று ஒருவர் கேட்க மற்றவர் விளக்கும் இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திற்கு வந்தவர்கள், இவன் காமன், இவள் இரதி, இது அகலிகை கதை என்று ஒருவர்க்கொருவர் சுட்டிக் கூறுவதைக் காண்கிறோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மூவகை எழினிகளையும், ஓவியம் எழுதிய விதானத்தையும் அரங்கின் உறுப்புகளாகவே எண்ணுகின்றது. சோழநாட்டில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களிலும் இவ்வெழுத்துவேலை உண்டு. தேரில் தொங்கும் உருளை வடிவான தொம்பை, மேலே கட்டும் அசுமானகிரி என்னும் விதானம், வாயில் தோரணம் ஆகியவை அங்கே எழுதப்பெறுவன. தேர் அசையத் தொம்பை சுழலும். சுழலச் சுழல அடுத்த உருவம் முன்வரும். துணியை எப்படித் தொங்கவிடுவது என்பதை எண்ணியே அதனை எழுதினார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனிக் கடல் கடந்த கதைக்கு வருவோம். ஆங்கில வணிகர் 1611-இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். நல்ல துணி குறைந்த விலையில் கிடைக்கும் இடத்தைத் தேடித் தெற்கே வந்த பிரான்சிஸ் டே, 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயகரிடம் ஒரு மணற்பரப்பைப் பெற்றார். அந்நாயகர் காளத்தியைச் சார்ந்த தாமர்ல குடியினர். அவர்தம் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் எழுந்தது. சென்னைமாநகரின் பிறப்பில் துணி வாணிகமும் காளத்திக் குடியும் இவ்வாறு கைகோத்து நிற்கின்றன.

கப்பலேறிய சித்திரத் துணி மேனாட்டில் சுவரை விட்டுக் கட்டிலில் ஏறியது. கட்டில் விரிப்பைக் குறிக்கும் பலங்கபோஷ் என்னும் சொல்லே அவர்கள் வாயில் ‘பாலம்போர்’ ஆயிற்று. பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாகவும் கொண்டனர். 1643-இல் இலண்டனிலிருந்து கம்பெனியார் சூரத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று சுவையானது. போர்வைகளின் நிலம் மங்கிய செந்நிறமாக இருப்பதை இங்குள்ளோர் விரும்பவில்லை. வெண்ணிலத்தின் நடுவே பூவும் கொடியும் வண்ணத்தில் அமையட்டும் என்பது அதன் கருத்து. வாங்குவோன் விருப்பம் கடல் கடந்து எழுதுகோலின் முனைக்கு வந்தது. இராமகாதை மறைந்து, பாறைக்குன்றின்மேல் வளரும் ஒற்றை மரம் வந்தது. ஒரே மரத்தில் நூறு வகை இலையும் பூவும் இருக்கும்! அத்தகைய மரம் எந்த நாட்டிலும் இல்லை என்பதே அதன் அழகு.

இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் தம் மனைவியின் படிப்பறைச் சுவருக்காக இந்தியச் சித்திரத் துணி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அது 1663 செப்டம்பர், அவர்கள் நாட்டின் இலையுதிர்காலத் தொடக்கம். இம்மோகம் பெருகவே அந்நாட்டு நெசவாளர் கலங்கினர். பிரெஞ்சு அரசு 1686-இல் இத்துணிகளைத் தடை செய்து 1759 வரையில் தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்றியது. கையால் எழுதிய துணிக்கு அஞ்சி இரு பேரரசுகள் சட்டம் செய்தன என்பதை நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாம்.

விலை மிகுந்த இத்துணி சிறிது கிடைத்தாலும் மேனாட்டு மகளிர் அதை வீணாக்கவில்லை. பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து, வெறுந்துணியில் ஒட்டித் தைத்துப் போர்வை ஆக்கினர். அமெரிக்காவிலும் இப்பழக்கம் பரவியது. பின்னர் ஆங்கில நாட்டு அச்சுத்துணியே அதற்கும் பயன்பட்டது. இன்று அந்நாட்டுச் சந்தைகளில் அடுக்கியுள்ள போர்வைகளின் முன்னோர்களுள் நம் கடற்கரைத் துணியும் ஒன்று. மற்றொரு விந்தையையும் இங்கே கூறலாம். அக்காலத்தில் பச்சை நிறம் வேண்டின் நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசினர். மஞ்சள் வெளிச்சம் பட்டு மறைய, பழந்துணிகளில் இலைகள் இன்று நீலமாகவே நிற்கின்றன. மேனாட்டு மரத்தில் பச்சை நீங்கி மஞ்சள் வரும். அங்கே போன நம் மரத்தில் மஞ்சள் நீங்கி நீலம் வந்தது.

தொழிலின் நுட்பத்தை அறிய ஐரோப்பியர் முயன்றதும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து என்பவர் சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த முறைகளை 1742-இல் கடிதமாக எழுதி அனுப்பினார். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உறவுண்டு என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்துணி வெள்ளமாக வந்தபோது எழுதுகோல் தாழ்ந்தது. 1917-இல் சென்னை ஓவியப் பள்ளித் தலைவர் ஹாடவே இத்தொழிலைப் பற்றி நூல் எழுதினார். துணிகளோ நம் கோயில்களில் எண்ணெய்ப் புகையிலும் ஈரத்திலும் அழிந்தன. இரும்பு மையே நாளடைவில் இழையை அரித்துவிடும் இயல்பினது. எனவே கறுப்புக்கோடு இருந்த இடமே முதலில் கிழியும். எஞ்சிய பழந்துணிகளைக் காண இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலைக்குச் செல்லவேண்டியிருக்கின்றது.

1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்திற்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரின் ஊக்கத்தால், 1950-களின் பிற்பகுதியில் காளத்தியில் பயிற்சி நிலையம் தோன்றியது. ஜொன்னலகட்டா இலட்சுமையா அங்கே கற்பித்தார். அவர் மைந்தர் குருப்பச் செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. தொழில் பிழைத்தது, பலர் சேலையிலும் மேலாடையிலும் எழுதி வாழ்கின்றனர்.

ஆனால் இன்று கண்காட்சிக் கடைகளில் நாம் காண்பது என்ன? எழுதிய துணியும், இயந்திரத்தில் அதே உருவத்தை அச்சிட்ட துணியும் மடித்து ஒரே அடுக்கில் கிடக்கின்றன. மடிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பல நாள் உழைப்புக்கும் சில நிமிட அச்சுக்கும் ஒரே விலை கேட்கப்படுகிறது; எழுதியவர் தோற்கிறார். துணியை விரித்தால் உண்மை வெளிப்படும். எழுதியதில் ஒரு மயில் போல மறுமயில் இராது. அச்சில் இம்மியும் மாறாது. மறுபுறம் திருப்பினால் எழுதிய துணியில் பெரும்பாலும் சாயம் ஊடுருவியிருக்கும். அச்சில் மேற்புறத்தோடு நின்றுவிடும். ஆதலின் காட்சிக்கு வைக்கும் முறை அலங்காரத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. எழுதியவர்தம் அடுப்பு எரிவதும் அதனைச் சார்ந்துள்ளது.

புரட்டாசியில் நம் குடியிருப்பில் கொலுவோடு கைவினைக் கண்காட்சியும் நடத்த எண்ணும் அன்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்லத் துணிகிறேன். நூறு துணிகளை அடுக்குவதினும் பெரிய துணி ஒன்றை முழுதும் விரித்துத் தொங்கவிடுங்கள். வெயில் நேரே படாத சுவர் வேண்டும். ஆணி அடிக்க வேண்டா. கடுக்காய் ஊறிய துணியில் ஈர இரும்பு பட்டால் கறை கறுத்துவிடும் என்பதை மேலே கண்டோம். மேல்விளிம்பை மடித்துத் தைத்து மூங்கிற்கழி ஒன்றைச் செருகினால் துணி சீராகத் தொங்கும். பின்புறத்தையும் பார்க்கச் சிறிது இடம் விடுங்கள். அருகே ஒரு மேசையில் கடுக்காய், படிகாரம், சாயவேர், வெல்லமும் இரும்பும் ஊறிய நீர்ப்பானை, ஓர் எழுதுகோல் இவை போதும். குழந்தைகள் ஒரு கோடு இழுத்துப் பார்க்கட்டும். அது கறுப்பதைக் கண்டு வியக்கட்டும். சரற்கால நிறம் வேண்டுவோர் சாயச் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் உள்ள துணியைத் தேர்ந்து, கீழே தென்னங்குருத்தும் மாவிலையும் வைக்கலாம்; காகிதத்தில் மேப்பிள் இலை வெட்ட வேண்டியதில்லை.

கதை சொல்ல ஒருவர் வேண்டும் என்றேன். அதற்கும் நம் குடியிருப்பில் குறைவில்லை. துணியின் ஓரத்துக் குறிப்புகள் தெலுங்கில் உள்ளன. அவை நம் பாட்டிமார்க்கு வாசிக்க வாரா. பள்ளியில் தெலுங்கு படிக்கும் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, பாட்டிமார் அந்தக் கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம்.